ஒரு கடை மாதம் எவ்வளவு உற்பத்தி செய்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். கடை வைத்திருப்பவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது.

மாதம் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு விதமான செய்திகள் வருகின்றன. ஒன்று, “ஜிஎஸ்டி வசூல் இத்தனை லட்சம் கோடி, நாட்டில் வியாபாரம் அமோகம்” என்பது. இன்னொன்று, “கடைவீதியில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம், எங்கே இருக்கிறது அமோகம்?” என்று கடைக்காரப் பிள்ளைகள் போடும் பதில். அப்புறம் கட்சி பிரிந்து சண்டை. கடைசியில் யாராவது ஒரு காலை வணக்கம் படம் போட்டு முடித்து வைக்கிறார்கள்.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கருத்து. இரண்டு பேரிடமும் தராசு இல்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் தொழிற்சாலை உற்பத்தியை மாதாமாதம் அளக்கிறார்கள். விலைவாசியை மாதாமாதம் அளக்கிறார்கள். 2025 முதல் வேலையில்லாத் திண்டாட்டத்தைக்கூட மாதாமாதம் சொல்கிறார்கள். மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் ஒரு மாதத்தில் எவ்வளவு உற்பத்தி செய்தன என்பதற்கு மட்டும் தனியாக ஒரு மாதக் கணக்கு இல்லை. இது பெரிய குறை. இதனால் அடிபடுவது சின்னக் கடைக்காரன்தான். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

“டீச்சர், கடை எங்கே உற்பத்தி செய்கிறது? வாங்கி விற்கத்தானே செய்கிறது?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆறாம் வகுப்புக் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம். அடக்க விலை, விற்ற விலை, லாபம், நட்டம். கரும்பலகையில் எத்தனை தடவை போட்டிருப்பேன்! பொருளாதாரக் கணக்கின் வேர் அதில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ துவரம் பருப்பை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மொத்த வியாபாரி மில்லிலிருந்து 140 ரூபாய்க்கு வாங்கி 144-க்குக் கொடுக்கிறார். அதை வாங்கிய பக்கத்து ஊர் வியாபாரி 149-க்குச் சில்லறைக் கடைக்குப் போடுகிறார். சில்லறைக் கடைக்காரர் நமக்கு 160-க்கு விற்கிறார். (கணக்குக்காக நான் போட்ட எண்கள் இவை. இன்றைய மார்க்கெட் நிலவரம் என்று சண்டைக்கு வராதீர்கள்.) மூன்று பேரின் விற்பனையையும் கூட்டினால் 144 + 149 + 160 = 453 ரூபாய். ஆனால் அந்தப் பருப்பு ஒரே கிலோதான். 453 ரூபாய்க்கு உற்பத்தி நடந்தது என்று சொன்னால் அது தப்புக் கணக்கு.

வியாபாரத்தின் உற்பத்தி என்பது ஒவ்வொருவரும் வைத்த மார்ஜின். 4 + 5 + 11 = 20 ரூபாய். மில் இருக்கும் ஊரிலிருந்து பருப்பைக் கொண்டுவந்து, தரம் பிரித்து, மூட்டையை உடைத்து, நாம் கேட்கும் கால் கிலோவை நம் தெருவில் நாம் கேட்கும் நேரத்தில் கொடுக்கிறார்களே, அந்தச் சேவைக்கு நாம் தரும் விலைதான் அந்த 20 ரூபாய். பருப்பை விளைவித்தவர் கணக்கு விவசாயத்தில் வந்துவிட்டது. உடைத்தவர் கணக்கு ஆலையில் வந்துவிட்டது. கடைக்கு உரியது இந்த 20 மட்டும். கமிஷன் மண்டியும் இப்படித்தான். விவசாயியின் ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை மண்டிக்காரர் விற்றுக் கொடுத்து 5,000 ரூபாய் கமிஷன் எடுத்தால், அவர் உற்பத்தி 5,000. ஒரு லட்சம் அல்ல.

இன்னும் ஒரு படி இருக்கிறது. மாதம் 5 லட்சத்துக்கு விற்கும் ஒரு பலசரக்குக் கடை. விற்ற சரக்கின் அடக்கம் நாலரை லட்சம். மார்ஜின் 50,000. அதில் கடை வாடகை, கரண்ட், பை, வண்டி வாடகை எல்லாம் 15,000 என்று வைப்போம். மீதி 35,000. இதைத்தான் ‘கூட்டு மதிப்பு’ என்கிறார்கள். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், அந்தக் கடையின் பங்கு இந்த 35,000. இதிலிருந்துதான் கடைப்பையனுக்குச் சம்பளம் 12,000, கடனுக்கு வட்டி 5,000 போகிறது. கடைசியில் முதலாளி கையில் நிற்பது 18,000. தம் கடை நாட்டுக்குக் கொடுத்தது 18,000 என்று அவர் நினைக்கிறார். ஊரார் 5 லட்சம் என்று நினைக்கிறார்கள். சரியான விடை 35,000.

எவ்வளவு விற்றது என்று கேட்டால் மட்டும் போதாது என்பது இதிலிருந்தே புரியும். இனி, அதை மாதாமாதம் அளக்கும்போது வரும் சிக்கல்களைப் பார்ப்போம்.

முதல் சிக்கல் விலை. அந்தப் பலசரக்குக் கடை அடுத்த மாதம் ஐந்தரை லட்சத்துக்கு விற்றது. பத்து சதவீத வளர்ச்சியா? விலைவாசியே பத்து சதவீதம் ஏறியிருந்தால் வளர்ச்சி பூஜ்யம். அதே கிலோ, அதே லிட்டர், கூடுதல் ரூபாய். அதனால் விற்பனையிலிருந்து விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரே எண் போதாது. பருப்பு விலை ஒரு மாதிரி போகும், சோப்பு விலை ஒரு மாதிரி போகும், துணி விலை இன்னொரு மாதிரி போகும். கடை வகைக்குத் தகுந்தபடி தனித்தனியாகக் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, இருப்புச் சரக்கு. 2024 செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது. பாமாயில், சூரியகாந்தி, சோயா கச்சா எண்ணெய்க்குப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம். சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5-லிருந்து 32.5. அன்றைக்குக் கிடங்கில் பழைய விலைச் சரக்கு வைத்திருந்தவர் பாக்கியசாலி. ஆனால் அப்படிக் கிடைக்கும் லாபம் உற்பத்தி ஆகாது. சும்மா கிடந்த டின்னின் விலை ஏறியதே தவிர, புதிதாக ஒரு வேலையும் நடக்கவில்லை. விற்கும் நாளில் அதே சரக்கைத் திரும்ப வாங்க என்ன விலை ஆகுமோ, அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் அன்றைய மார்ஜின். நம் ஊர் எண்ணெய் வியாபாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். “பழைய சரக்கில் வந்த காசு வேறு, யாவாரத்தில் வந்த காசு வேறு” என்று படிக்காதவர்கூடப் பிரித்துச் சொல்வார்.

மூன்றாவது, நாள்காட்டி. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. ஜவுளிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் நவம்பர் முதல் பத்து நாள் கூட்டம் அலைமோதியிருக்கும். 2024 நவம்பரில் தீபாவளியே முடிந்துவிட்டது. 2024 நவம்பரைச் சென்ற ஆண்டு நவம்பரோடு ஒப்பிட்டால் ஜவுளி வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும். அக்டோபரை ஒப்பிட்டால் எகிறியது போலத் தெரியும். இரண்டும் மாயை. ஆடித் தள்ளுபடியில் விற்பனை கூடும், ஒரு துணிக்கு மார்ஜின் குறையும். முகூர்த்தம் நிறைந்த மாதம் நகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் ஒரு கணக்கு. மார்கழியில் வேறு கணக்கு. ஐந்து ஞாயிறு வரும் மாதம், 28 நாள் பிப்ரவரி என்று எல்லாவற்றையும் சரிக்கட்டித்தான் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு நிறுத்துப் பார்க்க முடியும். பண்டிகையும் பருவமும் கொண்டுவரும் ஏற்ற இறக்கத்தை நீக்கும் முறை புள்ளியியலில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளின் மாதக் கணக்கு வரிசையாகக் கையில் இருக்க வேண்டும். இன்று ஆரம்பித்தால்தான் ஐந்தாறு ஆண்டு கழித்தாவது அந்த வரிசை கிடைக்கும்.

சரி, இப்போது நம்மிடம் என்னதான் இருக்கிறது?

தொழில் உற்பத்திக் குறியீட்டு எண் மாதாமாதம் வருகிறது. அதில் சுரங்கம், ஆலை உற்பத்தி, மின்சாரம் உண்டு. கடைவீதி கிடையாது. ஜிடிபி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதிலும் தலைப்புச் செய்தியில் வியாபாரத்துக்குத் தனி வரி இருக்காது. ‘வணிகம், ஓட்டல்கள், போக்குவரத்து, தகவல்தொடர்பு, ஒலிபரப்பு சார்ந்த சேவைகள்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அந்தக் காலாண்டு எண்ணைச் சொல்வார்கள். செல்போன் கம்பெனி வருமானம் கூடினாலும் அந்த மூட்டை கனக்கும். விமானத்தில் கூட்டம் கூடினாலும் கனக்கும். மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் பருப்பு எத்தனை கிலோ என்று சொல்ல முடியுமா?

“ஜிஎஸ்டி இருக்கிறதே டீச்சர்?” இருக்கிறது. நல்ல தகவல்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வரி வசூல் கணக்கு. வியாபார உற்பத்திக் கணக்கு அல்ல. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 40 லட்சத்துக்குக் கீழ் சரக்கு விற்கும் கடை ஜிஎஸ்டியில் பதிவு செய்யத் தேவையில்லை. நம் தெருமுனைக் கடைகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான் என்று நான் நினைக்கிறேன்.

2. ஒன்றரைக் கோடி வரை விற்பவர் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்தால், மொத்த விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கட்டுவார். அவரது மாதக் கணக்கு யாரிடமும் இல்லை.

3. காய்கறி போன்றவற்றுக்கு வரியே கிடையாது. கோயம்பேட்டில் விடிய விடிய லாரி லாரியாக இறங்கும் காய்கறியால் வசூல் எண்ணில் ஒரு ரூபாய் ஏறாது. அங்கே ஆயிரக்கணக்கான பேர் வியர்வை சிந்துவது மட்டும் நிஜம்.

4. வசூலில் இறக்குமதிச் சரக்கு மீதான வரியும் சேர்ந்திருக்கிறது. ஆலை, சேவை, கட்டுமானம் எல்லாம் கட்டிய வரியும் சேர்ந்திருக்கிறது.

5. வரி விகிதத்தை மாற்றினால் வசூல் மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு வரி குறைந்தது. அதே எண்ணிக்கை சோப்பு விற்றாலும் வசூல் குறையும். அதை வைத்து “வியாபாரம் விழுந்தது” என்று சொல்லலாமா?

6. 2025 ஏப்ரலில் வசூல் ஏறக்குறைய 2.37 லட்சம் கோடி. அதுவரை காணாத உச்சம். ஏப்ரல் வசூல் என்பது மார்ச் மாத வியாபாரத்தின் வரி. மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஒவ்வொரு ஏப்ரலிலும் வசூல் தூக்கலாக வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பதிவில் இல்லாத சின்னக் கடைகளின் உற்பத்தியை இத்தனை நாளாக எப்படிக் கணக்கிட்டார்கள்? எப்போதோ ஒருமுறை மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துவார்கள். அதில் வந்த அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் விற்பனை வரி போன்ற வேறு ஏதாவது ஒரு எண் எவ்வளவு கூடியதோ, அதே வேகத்தில் சின்னக் கடையும் கூடியதாக வைத்துக்கொள்வார்கள். பெரியவன் ஓடிய வேகத்திலேயே சின்னவனும் ஓடினான் என்று வைத்துக்கொள்ளும் கணக்கு. இருவரும் ஒரே திசையில் போகும்வரை இதில் பெரிய பிழை வராது. சின்னக் கடையின் வாடிக்கையாளர் பெரிய கடைக்குப் போகும்போதுதான் இது தலைகீழாகிறது. சின்னவன் இழந்தது பெரியவனின் வளர்ச்சியாகத் தெரியும். அந்த வளர்ச்சி சின்னவன் கணக்கிலும் ஏறிவிடும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. தேதிகளைப் பாருங்கள். கம்பெனியாகப் பதிவாகாத சிறு தொழில்களின் கணக்கெடுப்பு ஒன்று 2015 ஜூலையில் தொடங்கி 2016 ஜூனில் முடிந்தது. நாடு முழுக்க 6.34 கோடி சிறு தொழில்கள் இருப்பதாக அது சொன்னது. அதில் 2.3 கோடி வியாபாரம். ஆலை, பட்டறையைவிடவும் கூடுதல். அந்த வியாபாரத்தில் 3.87 கோடிப் பேர் வேலை பார்த்தார்கள். முழு ஓர் ஆண்டுக்கான அடுத்த கணக்கெடுப்பு 2021 ஏப்ரலில்தான் தொடங்கியது. இடையில் நடந்தவை என்ன? 2016 நவம்பர் 8-ஆம் தேதி பணமதிப்பிழப்பு. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி. 2020 மார்ச் 25 ஊரடங்கு. சின்னக் கடையை உலுக்கிய மூன்று அடிகளும் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் விழுந்தன. அடி விழுந்த நேரத்தில் நாடி பிடித்துப் பார்க்க ஆள் இல்லை. கையில் காசு இல்லாமல் கடைவீதியே உட்கார்ந்துபோனது 2016-17-இல். அந்த ஆண்டின் வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்றார்கள். பின்னர் திருத்தி 8 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். நம் கடைவீதியில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மொத்த நாட்டுக்கு அந்த எண் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சின்னக் கடையை நேரடியாகக் கேட்காமல் வந்த எண் அது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மேலே சொன்ன அந்த மூட்டை 47 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. அந்தச் செய்தி வந்த தேதி 2020 ஆகஸ்ட் 31. ஏப்ரலில் மூடிய கடைக்கு ஆகஸ்ட் கடைசியில் சீட்டு எழுதுகிறார்கள். அதுவும் அவன் பெயரில் இல்லை. ஓட்டலோடும் விமானத்தோடும் சேர்த்து.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எண் வந்தால் வயிறு நிறையுமா? நிறையாது. ஆனால் எண்ணில் இல்லாதவனுக்கு எதுவும் வராது. 2020 மே மாதம் தொழில்களுக்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தார்கள். 3 லட்சம் கோடி. ஏற்கெனவே வங்கியில் உள்ள கடன் நிலுவையில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவது என்று விதி. வங்கிப் பக்கமே போகாமல் தண்டல் வாங்கி ஓட்டிய கடைக்காரனுக்கு 20 சதவீதம் என்றால் எவ்வளவு? பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். அடுத்த மாதமே தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. நகராட்சி எடுத்த கணக்கில் பெயர் இருந்தவர், அடையாள அட்டை இருந்தவர் சுலபமாக வாங்கினார். விடுபட்டவர் பரிந்துரைக் கடிதத்துக்கு அலைந்தார். எண்ணப்பட்டவனுக்கும் எண்ணப்படாதவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்றைக்குப் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு மாவு பாக்கெட் வருகிறது. என் பழைய மாணவன் ஒருவன் மதுரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். “டீச்சர், எனக்கு விற்பனை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் அவர்கள் விலைக்கு நானும் இறங்க வேண்டியிருக்கிறது. நூற்றுக்குப் பத்து கிடைத்த இடத்தில் ஏழுதான் நிற்கிறது” என்றான். இது ஒரு மாதத்தில் நடக்கும் மாற்றம். ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் பிந்திவிடும். விற்பனையை மட்டும் கேட்டால் தெரியவே தெரியாது. இவனைப் போல எத்தனை பேர், எந்த ஊரில், எந்தச் சரக்கில் என்று தெரிந்தால்தான் அரசு ஏதாவது செய்ய முடியும். தெரியாதவரை இவன் சொல்வது புலம்பல் என்றுதான் பெயர் வாங்கும்.

மற்ற நாடுகளில் செய்கிறார்களா? செய்கிறார்கள். டொரண்டோவில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்கவும். கனடாவின் புள்ளியியல் துறை மொத்த வியாபாரத்துக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் தனித்தனியாக மாத விற்பனைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பொருளாதார உற்பத்தியையே துறைவாரியாக மாதாமாதம் வெளியிடுகிறது. மாதம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் எண் வந்துவிடும். பிரிட்டனும் 2018 ஜூலை முதல் மாத ஜிடிபி வெளியிடுகிறது. பண்டிகைக் கால ஏற்ற இறக்கத்தை நீக்கித்தான் இரண்டு நாடுகளும் தலைப்பு எண்ணைச் சொல்கின்றன. அவர்களிடமும் குறை உண்டு. பொதுவாக மாதாமாதம் கேட்பது விற்பனையை. மார்ஜினை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு, இடைப்பட்ட மாதங்களில் அது பெரிதாக மாறாது என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் மதுரைக்காரனின் பத்து ஏழான கதை அந்த முறையில் உடனே தெரியாது. அதனால் அவர்களை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. காப்பியடிப்பது எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கேயும் நல்லது நடக்காமல் இல்லை. சிறு தொழில் கணக்கெடுப்பு இப்போது அடிக்கடி நடக்கிறது. 2025 முதல் காலாண்டு முடிவுகளும் வருகின்றன. நல்ல முன்னேற்றம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். நான் கேட்பது அடுத்த படி. மாதாமாதம் ஒரு சிறிய மாதிரிக் கணக்கெடுப்பு, நாலே நாலு கேள்வி. இந்த மாதம் எவ்வளவுக்கு விற்றீர்கள்? விற்ற சரக்கின் அடக்கம் எவ்வளவு? எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்? எத்தனை நாள் கடை திறந்திருந்தது? மொத்தம், சில்லறை, பெரிய கடை, சின்னக் கடை, ஆன்லைன் என்று தனித்தனியாக வெளியிட வேண்டும்.

இதற்கு மூன்று ஆட்சேபணைகள் வரும்.

“இத்தனை கோடிக் கடைகளையும் மாதாமாதம் யார் கேட்பது?” எல்லாரையும் கேட்க வேண்டாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகளே சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம். பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். பெரிய கடை ஒரு பானை, தெருமுனைக் கடை இன்னொரு பானை. அந்தப் பானையில் எடுத்த சோற்றை வைத்து இந்தப் பானை வெந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. இத்தனை நாளாக நடந்தது பெரும்பாலும் அதுதான்.

“மாத எண் துள்ளும், மக்களைக் குழப்பும்.” உண்மை. ஒரு மாதத்தை வைத்து ஆடவும் கூடாது, அழவும் கூடாது. மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னால் திருத்தம் வந்தால் திருத்தியதாகச் சொல்லி வெளியிட வேண்டும். காய்ச்சல்காரனின் வெப்பமும் மணிக்கு மணி மாறத்தான் செய்கிறது. அதற்காகத் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிவதில்லை.

“கணக்குச் சொன்னால் வரிக்காரன் வருவான்.” இதுதான் உண்மையான ஆட்சேபணை. மற்ற இரண்டும் பேச்சுக்கு. வீட்டுப்பாடம் இங்கேதான் வருகிறது.

கடைக்காரப் பிள்ளைகளே, நம் குழுவிலேயே சிலர் பெருமையாக எழுதியிருந்தீர்கள். கணக்கெடுப்புக்காரர் வந்தால் “முதலாளி ஊரில் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவதாக. வேறு சிலர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதாக. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அரசாங்கத்திலிருந்து யார் வந்தாலும் பயப்படும்படித்தான் காலம் நம்மைப் பழக்கியிருக்கிறது. ஆனால் 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி கேட்கும் தகவலைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உங்கள் கடை இன்னதென்று தெரியும்படி வெளியிடக் கூடாது. வந்தவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தத் துறை, எந்தக் கணக்கெடுப்பு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சரியாக இருந்தால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து உண்மையைச் சொல்லுங்கள்.

நீங்கள் குறைத்துச் சொல்வதால் உங்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. உங்களைப் போன்ற ஆயிரம் கடைகளின் உண்மைதான் காணாமல் போகிறது. நீங்கள் காலி செய்துவிட்டுப் போகும் அந்த இடத்தைப் பெரிய கம்பெனிகளின் கணக்கு நிரப்பிவிடும். அவர்கள் கணினியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். மாதம் முடிந்ததும் அறிக்கை விடுகிறார்கள். டெல்லியில் அது பேசும். உங்கள் சிட்டை நோட்டு கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே கிடக்கும். “எங்கள் நிலைமை யாருக்கும் தெரியவில்லை” என்று புலம்புவதற்கு முன்னால் தெரிவிக்க வேண்டும் அல்லவா?

ஆகவே வீட்டுப்பாடம் இது. இந்த மாதத்திலிருந்து, மாதக் கடைசியில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். விற்பனை எவ்வளவு, விற்ற சரக்கின் அடக்கம் எவ்வளவு (வாங்கிய சரக்கு எல்லாம் அல்ல, விற்றதற்கு மட்டும்), மார்ஜின் எவ்வளவு, அதில் வாடகை, கரண்ட், வண்டி போக மிச்சம் எவ்வளவு. சென்ற ஆண்டு இதே மாதம் பண்டிகை இருந்ததா, இந்த ஆண்டு இருக்கிறதா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் ஆனால் 12 பக்கம். வங்கிக்குப் போனாலும் அது உதவும், சங்கக் கூட்டத்தில் பேசவும் அது உதவும். வியாபாரிகள் சங்கப் பொறுப்பில் இருக்கும் மாணவர்களுக்கு இன்னொரு வேலை. கடையடைப்பு, மனு என்று போகும்போது “வியாபாரம் பாதித்துவிட்டது” என்ற ஒற்றை வரியோடு போகாதீர்கள். ஐம்பது உறுப்பினர்களின் இந்த ஒரு பக்கத்தைத் தொகுத்துக் கொண்டு போங்கள். நம் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று மல்லி, வற்றல், எண்ணெய் விலை பத்திரிகையில் வருவது எல்லாருக்கும் தெரியும். விலையைத் தொகுக்கத் தெரிந்த ஊருக்கு மார்ஜினைத் தொகுக்கத் தெரியாதா?

அரசு வேலையில், அதுவும் புள்ளியியல் துறையில் இருக்கும் என் மாணவர்களே, நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இருந்தால் சேர்த்து எழுதுங்கள். கடைக்காரர்கள், மூன்று மாதம் எழுதிப் பார்த்துவிட்டு உங்கள் மார்ஜின் கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் கீழே சொல்லுங்கள். தொகை வேண்டாம், சதவீதம் போதும். நோட்டு வாங்கக் காசில்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. உங்கள் கடையிலேயே நோட்டு விற்கிறீர்கள்.

அனைவரும் நலமுடன் இருங்கள்.